றஞ்சனி வளர்த்த பற்றீரியா

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கலவன் பாடசாலை ஒன்றில் றஞ்சனி ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருடமாகியிருந்தது. காலை ஏழேகாலுக்கு வந்து கதவைத் திறப்பாள். யன்னல் விளிம்பில் படிந்த மணலைத் துடைப்பாள். முதல் நாள் கழுவிக் கவிழ்த்த சோதனைக் குழாய்களை அலுமாரியில் அடுக்குவாள். செவ்வரத்தம்பூ வேண்டுமென்றால் செவ்வரத்தம்பூ, வெங்காயம் வேண்டுமென்றால் வெங்காயம், பாடத்துக்கு முதலே மேசையில் இருக்கும். மணி அடித்ததும் பின்பக்கம் கழுவுதொட்டியடியில் போய் நின்றுவிடுவாள். அந்த ஒன்பது வருடத்தில் பாடத்தைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஆனால் கேட்டுக்கொண்டு நின்றாள். உயர்தர உயிரியலில் ஒரு பாடம் வருடாவருடம் வரும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நீள்வட்டம் கீறுவார். அது பற்றீரியா. பக்கத்தில் ஒரு சின்ன வளையம் கீறுவார். அது பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையம். வேறோர் உயிரியின் பரம்பரையலகை, அதாவது ஜீனை, அந்த வளையத்தில் ஒட்டி, வளையத்தைப் பற்றீரியாவுக்குள் புகுத்திவிட்டால், பற்றீரியா தன் குணம் மாறி அந்தப் புதிய அலகு சொல்வதைச் செய்யத் தொடங்கும். நிலைமாற்றம் என்று அதற்குப் பெயர். நீரிழிவுக்காரருக்குப் போடும் இன்சுலினைக்கூட இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்வார். பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், பாடமாக்குவார்கள், பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு வருவார்கள். ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. மூன்று ஆசிரியர்கள் மாறிப் போனார்கள். அவர்களும் கண்டதில்லை.

றஞ்சனிக்கு வயது நாற்பத்தைந்து. நாயாற்றுப் பக்கம் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடத்துக்கு முதல் நாள் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த ஒரு பாடத்தை எழுதாமலே அவளுடைய படிப்பு நின்றுபோயிற்று. பிறகு கலியாணம், பிறகு சுனாமி, பிறகு கடைசி யுத்தம். மீண்டும் ஊருக்கு வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் கணவன் றொமேசிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. அந்த நேரம் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குக் காளான் வளர்க்கப் பழக்கியது. இருபத்திரண்டு பேர் பழகினார்கள். அதில் காளான் விதை செய்யும் வேலை றஞ்சனிக்கு மட்டும்தான் கைவந்தது.

அது லேசான வேலையில்லை. அவித்த சோளத்தைப் போத்தலில் நிரப்பி, பிறஷர் குக்கரில் வைத்து, உள்ளே ஒரு கிருமி மிச்சமில்லாமல் வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகு விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்து, காளான் இழையில் ஒரு துண்டை உள்ளே போட்டு மூடவேண்டும். அந்த நேரம் ஒரு தும்மல், ஒரு காற்று, ஒரு தூசி போதும், நாலாம் நாள் போத்தல் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிடும். மற்றப் பெண்களுக்குப் பத்துப் போத்தலில் நாலு பழுதாகும். றஞ்சனிக்கு நூறில் ஒன்று பழுதானால் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டு போனபோது அவளிடம் மிஞ்சியது ஒரு பெரிய பிறஷர் குக்கரும் ஸ்பிரிட்டில் எரியும் இரண்டு மதுசார விளக்கும். கொஞ்சக் காலத்தில் பாடசாலை வேலை கிடைத்தது. காளானை ஊர் மறந்துவிட்டது.

போன வருடம் தை மாதம் மேனுகா ரீச்சர் வந்தார். இருபத்தெட்டு வயது, முதல் நியமனம். கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைக்கும் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நிலைமாற்றம் பற்றி எழுதி முதல் வகுப்பில் சித்தியடைந்தவர், ஆனால் அவரும் அதை ஒரே ஒரு தடவை, பதினாறு பேர் சுற்றி நிற்க, வேறொருவர் செய்யத்தான் பார்த்திருந்தார். அது அவருக்குப் பெரிய குறை. அந்தப் பாடம் வந்த நாள் கரும்பலகையில் நீள்வட்டத்தைக் கீறிவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தார்.

"இதை நாங்கள் செய்து பாப்பம்" என்றார்.

பதினாலு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இஞ்சையோ மிஸ்?" என்று கேட்டாள் டக்சாயினி. முன்வாங்கில் இருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை அவள். வாயும் கையும் சும்மா இராது.

"இஞ்சைதான்."

மேனுகாவோடு ஒன்றாகப் படித்த ஜனகன் இப்போது பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவரிடமிருந்து தீங்கில்லாத ஆய்வுகூடப் பற்றீரியா ஒரு கிண்ணமும், பிளாஸ்மிட் கரைசல் இரண்டு சின்னக் குழாய்களும், பற்றீரியாவைக் கொல்லும் அம்பிசிலின் மருந்தும் வந்தன. அந்தப் பிளாஸ்மிட்டில் இரண்டு பரம்பரையலகுகள் இருந்தன. ஒன்று அம்பிசிலினுக்குச் சாகாமல் பற்றீரியாவைக் காப்பது. மற்றது கடலில் மிதக்கும் சொறிமுட்டை என்ற ஜெலிமீனிலிருந்து எடுத்தது, கழியூதா என்ற யூ.வி. ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்வது. வலையில் வந்து ஒட்டிக் கையெல்லாம் எரிய வைக்கும் அதே சொறிமுட்டை. கழுவுதொட்டியடியில் நின்ற றஞ்சனிக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. றொமேசின் கையில் அது போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அதிபர் செல்வராசாதான் பயந்தார். "பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கை கிருமி வளர்க்கிறது... ஆருக்கும் நோய் வருத்தம் வந்தால் தாய் தேப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"இது வருத்தம் தாற இனமில்லை சேர். எங்கட தயிரிலை இருக்கிறதிலும் சாது. முடிஞ்சதும் எல்லாத்தையும் குளோரின் தூள் போட்டு அழிச்சுப்போடுவம்."

அரை மனதோடு தலையாட்டினார்.

ஆனி மாதம். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. மேனுகா பற்றீரியாவுக்குத் தீனியான ஏகார் கூழைக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க மருந்தைக் கலந்து, பெத்திரிக் கிண்ணங்களில் ஊற்றி, ஆறியதும் பற்றீரியாவைப் பூசினார். வெக்கை தாங்காமல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. யன்னல்கள் திறந்திருந்தன. கிண்ணங்களின் மூடிகள் மேசையில் மல்லாந்து கிடந்தன. பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள், கதைத்தார்கள். றஞ்சனிக்கு உடம்பெல்லாம் கூசியது. கை தன்பாட்டில் எழுந்து மூடிகளை எடுத்து மூடப் போனது. அடக்கிக்கொண்டாள். படித்த பிள்ளை செய்கிறார், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் கிண்ணங்களைத் திறந்தபோது சாம்பலும் கறுப்புமாகப் பூஞ்சணம் மெத்தை போட்டிருந்தது. பிளாஸ்மிட் போடாத, மருந்து மட்டும் கலந்த கிண்ணத்தில் ஒரு பற்றீரியாவும் பிழைத்திருக்கக்கூடாது. அதிலோ கஞ்சி ஊற்றியது போல முழுக்கப் பற்றீரியா.

"மிஸ், பழைய பாண் மாதிரிக் கிடக்கு" என்றாள் டக்சாயினி. வகுப்பே சிரித்தது. மேனுகாவும் சிரித்தார். ஆனால் பிள்ளைகள் போன பிறகு கதிரையில் அமர்ந்து இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

றஞ்சனி கிண்ணங்களைக் குளோரின் தண்ணீரில் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டவள், நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டீங்களே?"

மேனுகா நிமிர்ந்தார்.

"மருந்து செத்துப்போச்சுது ரீச்சர். கொதிக்கேக்கை விட்டனீங்கள். ஆற விட்டு விடவேணும். போத்தலைக் கன்னத்திலை வைச்சால் சுடப்படாது, இதமாய் இருக்கவேணும். அப்பதான் விடலாம். மற்றது, உந்தக் காத்தாடி. சோளகம் அடிக்கிற நாளிலை யன்னலைத் திறந்து வைச்சால் ஊரிலை இருக்கிற பூஞ்சணம் எல்லாம் உள்ளுக்கை வந்திடும். மூடியையும் மல்லாத்தி வைக்கப்படாது."

மேனுகா இன்னொரு கதிரையை அவள் பக்கம் திருப்பி இழுத்து வைத்தார். "இருங்கோ றஞ்சனி அக்கா. இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆய்வுகூடத்தில் ஆசிரியருக்கு முன்னால் கதிரையில் றஞ்சனி அன்றைக்குத்தான் முதல் முறை இருந்தாள். காளான் கதையைச் சொன்னாள். போத்தலை, சோளத்தை, சுடரை, ஆற முதல் போட்டால் காளான் இழை சூட்டில் செத்துப்போவதை, நூறில் ஒன்றை. சொல்லச் சொல்லக் குரல் உறுதியானது. மேனுகா ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, பிளாஸ்மிட் இன்னும் ஒருக்காச் செய்யத்தான் காணும். இந்த முறை நீங்கள் செய்யுங்கோ. நான் ஏனெண்டதைச் சொல்லுறன், நீங்கள் எப்பிடியெண்டதைச் சொல்லுங்கோ."

"நானோ?"

"வேறை ஆர்?"

அடுத்த புதன்கிழமை. றஞ்சனி வீட்டுப் பிறஷர் குக்கரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். ஏகாரை அதில் வைத்து வேகவைத்தாள். ஆய்வுகூடத்து யன்னல்களைப் பூட்டினாள், மின்விசிறியை நிறுத்தினாள், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினாள், மேசையை மதுசாரத்தால் துடைத்தாள், போத்தல் கன்னத்தில் இதமாய் ஆறிய பிறகே மருந்தை விட்டுக் கிண்ணங்களில் ஊற்றினாள். ஐஸ் வேண்டும் என்று மேனுகா சொல்லியிருந்தார். பாடசாலையில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஆனால் நாயாற்றில் ஐசுக்கு என்ன குறை? றொமேஸ் மீனுக்கு வாங்கும் ஐசில் ஒரு பங்கை றெஜிபோம் என்ற தெர்மக்கோல் பெட்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். பெட்டி சூடைமீன் மணத்தது. றஞ்சனி மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் உள்ளே எடுத்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் மேசையடியில் றஞ்சனி அக்கா நிற்பதைப் பார்த்து ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள்.

"ஒருத்தரும் கதைக்கப்படாது" என்றாள். அதுதான் அவள் அந்த வகுப்புக்குச் சொன்ன முதல் வசனம். "கதைக்கிறதெண்டால் தள்ளி நிண்டு கதையுங்கோ. வாயிலை இருக்கிறதெல்லாம் கிண்ணத்துக்கை விழும். மூடியை முழுக்கத் தூக்காதேங்கோ. சிப்பி வாய் திறக்குமே, அவ்வளவு காணும்."

மேனுகா விளக்கம் சொல்ல, றஞ்சனி செய்து காட்ட, பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செய்தார்கள். சுடரில் காட்டிய கம்பி வளையத்தால் பற்றீரியாவைத் தொட்டு எடுத்துக் குளிர்ந்த கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் கலக்கினார்கள். பிளாஸ்மிட் ஒரு துளி விட்டார்கள். குழாய்களை ஐசுக்குள் பத்து நிமிடம் வைத்தார்கள். அடுத்ததுதான் முக்கியமான இடம். ஐசிலிருந்து எடுத்த கையோடு நாற்பத்திரண்டு பாகை வெந்நீரில் சரியாக ஐம்பது செக்கன் வைத்து, திரும்ப ஐசுக்குள் வைக்கவேண்டும். அந்த அதிர்ச்சியில்தான் பற்றீரியாவின் மென்சவ்வு இளகி வளையத்தை உள்ளே விடும். கூடினால் பற்றீரியா செத்துவிடும், குறைந்தால் வளையம் போகாது.

சுவர் மணிக்கூட்டில் செக்கன் முள் இல்லை. மேனுகா கைத்தொலைபேசியை அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். எடுக்க ஓடப் போனவரை றஞ்சனி மறித்தாள்.

"நில்லுங்கோ ரீச்சர். அருள்நிறைந்த மரியே செபத்தின்ரை முதல் பாதியை நிதானமாய்ச் சொன்னால் பத்துச் செக்கன். காளான் காலத்திலை எனக்கு வேறை மணிக்கூடு இருக்கேல்லை. அஞ்சு தரம்."

வாய்க்குள் சொல்லத் தொடங்கினாள். டக்சாயினியும் சேர்ந்துகொண்டாள். இரண்டாம் தரத்தில் வகுப்பிலிருந்த சைவப் பிள்ளைகளும் உதட்டை அசைத்தார்கள். ஐந்தாவது முடிய, பதினாலு கைகள் ஒரே நேரத்தில் குழாய்களைத் தூக்கி ஐசுக்குள் குத்தின.

குழாயில் இருந்ததைக் கிண்ணங்களில் பூசி மூடினார்கள். பற்றீரியாவை வளர வைக்கும் வெப்பப் பெட்டியும் பாடசாலையில் இல்லை. றெஜிபோம் பெட்டியைக் காய வைத்து, கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கி, பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல் ஒன்று வைத்து மூடினாள். காலையும் மாலையும் போத்தலை மாற்றினாள். இரண்டு நாளும் மூடியைத் திறந்து கிண்ணங்களைப் பார்க்க ஆசை பிடித்து ஆட்டியது. பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். கடையில் கள்ளப் பணத்தாள் பார்க்கும் கழியூதா விளக்கு ஒன்றை மேனுகா இரவல் வாங்கி வந்திருந்தார். றஞ்சனி முதலில் மருந்து மட்டும் உள்ள கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். துப்புரவாக இருந்தது, கண்ணாடி போல. ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை, ஒரு பற்றீரியாக் கூட்டம் இல்லை. "மருந்து வேலை செய்யுது" என்றார் மேனுகா மெதுவாக. அடுத்தது பிளாஸ்மிட் போட்ட கிண்ணம். வெளிச்சத்தில் பார்த்தால் வெண்மையாய் முப்பது நாற்பது பொட்டுகள், அவ்வளவுதான். விளக்கை டக்சாயினியிடம் கொடுத்தாள்.

"பிடி பிள்ளை."

ஊதா ஒளி கிண்ணத்தில் விழுந்தது. ஒவ்வொரு பொட்டும் பச்சையாக எழுந்தது. மங்கலாக இல்லை, சந்தேகமாக இல்லை. மழைக்காலத்து இளநெற்பயிரை இருட்டில் யாரோ கொளுத்தி வைத்தது போலப் பளிச்சென்ற பச்சை. வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

பதினாலு கிண்ணங்களில் பதின்மூன்று ஒளிர்ந்தன. மேனுகா றஞ்சனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வந்திட்டுது அக்கா, வந்திட்டுது" என்பதைத் தவிர வேறொன்றும் அவரால் சொல்ல முடியவில்லை. றஞ்சனியோ அந்தப் பதினாலாவது கிண்ணம் யாருடையது, எந்த இடத்தில் பிழை வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்கும் நெஞ்சு நிறைந்து வந்தது. நாற்பத்தைந்து வயதில், எழுதாமல் விட்ட பாடம் ஒன்று கையில் பச்சையாய் எரிகிறது. வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தப் பாடசாலை கண்டதில்லை.

அன்று மத்தியானத்துக்குள் பாடசாலை முழுவதும் வரிசையில் வந்து பார்த்தது. ஆறாம் வகுப்புக் குஞ்சுகளும் வந்தார்கள். கடைசியாக அதிபர் செல்வராசா வந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"றஞ்சனி அக்கா!" என்றது வகுப்பு.

அதிபர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடமாக அரை மரியாதையோடு "நீர்" என்றுதான் அவளை அழைத்தவர். "நீங்களோ?" என்றார்.

செய்தி பரவியது. ஐப்பசியில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கிளிநொச்சியில் உயிரியல் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிச் செயலமர்வு, நிலைமாற்றச் செய்முறையை மேனுகா செய்து காட்டவேண்டும். பதில் படிவத்தில் வளவாளர், அதாவது பயிற்சி நடத்துபவர், பெயர் என்ற இடத்தில் மேனுகா தன் பெயரை எழுதவில்லை. றஞ்சனியின் பெயரை எழுதி அனுப்பினார்.

விஞ்ஞானப் பாடத்துக்குப் பொறுப்பான கணபதி என்ற அதிகாரி தொலைபேசியில் எடுத்தார். மேனுகா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

"ரீச்சர், இதிலை உதவியாளற்றை பெயர் மாறி வந்திட்டுது போல."

"மாறேல்லை சேர்."

"வாறது முழுக்கப் பட்டதாரி ஆசிரியர்மார். சரிவருமே?"

"சேர், நான் செய்தால் பத்துக்கு ஆறு வரும். றஞ்சனி அக்கா செய்தால் பத்துக்குப் பத்து வரும். உங்களுக்கு எது வேணும்?"

"பத்து வரட்டும்" என்றார் கணபதி.

றஞ்சனிதான் பயந்து போனாள். "ரீச்சர், எனக்கு வாய் வராது." "உங்கட கை கதைக்கும் அக்கா" என்றார் மேனுகா. அந்த வாரம் முழுக்க வீட்டில் றொமேசை ஆசிரியராக இருத்திப் பழகினாள். குசினியில் வெறும் போத்தல் மூடிகளை வைத்துக்கொண்டு, "இப்ப கம்பியைச் சுடரிலை பிடியுங்கோ" என்பாள். அவன் அகப்பையைப் பிடிப்பான். "சிவக்க வேணும்" என்பாள். "அகப்பை சிவந்தால் வீடு எரிஞ்சிடும்" என்பான்.

புறப்படுகிற நாள் விடிய, ஊற்றி ஆறிய கிண்ணங்கள் நிறைந்த றெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சி பஸ்ஸில் இருந்தாள். பக்கத்தில் மேனுகா, ஜனகன் திரும்ப அனுப்பிய பற்றீரியாவோடும் பிளாஸ்மிட்டோடும். விசுவமடுவில் கூட்டம் ஏறியது. நடத்துநர் பெட்டியைக் காட்டினார்.

"அக்கா, மீன் பெட்டியைப் பின்னுக்குக் கொண்டு போங்கோ. ஆக்களுக்கு மணக்கும்."

"மீன் இல்லைத் தம்பி. பற்றீரியாவுக்குச் சாப்பாடு."

நடத்துநர் இரண்டடி பின்னால் போனார். கிளிநொச்சி வரும்வரை அந்த ஆசனப் பக்கம் யாரும் நெருங்கவில்லை. இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

மண்டபத்தில் முப்பத்திரண்டு ஆசிரியர்கள் எட்டுக் குழுவாக இருந்தார்கள். கணபதி அவளை அறிமுகம் செய்தபோது "ஆய்வுகூட உதவியாளர்" என்ற இடத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் வவுனியாவிலிருந்து வந்த விமலேஸ்வரி, இருபத்தைந்து வருடம் உயிரியல் படிப்பித்தவர், கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். றஞ்சனி ஒலிவாங்கியைப் பிடித்தாள். வாய் உண்மையாகவே வரவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு மதுசார விளக்கைக் கொளுத்தினாள். சுடர் எழுந்தது. கை வேலைக்கு வந்ததும் வாயும் வந்தது.

"எல்லாரும் முதல் காத்தாடியை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

ஒரு மணித்தியாலம் போனது அவளுக்குத் தெரியவில்லை. மேசைக்கு மேசை போனாள். ஒருவருடைய மூடியைத் தாழ்த்தினாள், ஒருவருடைய வளையத்தைத் திரும்பச் சுடரில் காட்ட வைத்தாள், வெந்நீரில் வெப்பமானி நாற்பத்தைந்தைக் காட்டியதும் பச்சைத் தண்ணீர் விட்டு இறக்கினாள். அப்போதுதான் விமலேஸ்வரி கேட்டார்.

"றஞ்சனி, எல்லாம் சரி. உந்தக் கல்சியம் குளோரைட்டு என்னத்துக்கு எண்டு தெரியுமோ?"

மேனுகா எழுந்திருக்கப் பார்த்தார். றஞ்சனி கையைத் துடைத்தாள்.

"தெரியும் ரீச்சர். டி.என்.ஏ.யும் மறை மின்னேற்றம், பற்றீரியாவின்ரை மென்சவ்வும் மறை ஏற்றம். ரெண்டும் ஒண்டையொண்டு தள்ளும். கல்சியம் நேர் ஏற்றம். அது நடுவிலை நிண்டு ரெண்டையும் கிட்டக் கொண்டு வரும். ஒன்பது வருசம் வகுப்புக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான். பிறகு மேனுகா ரீச்சர் விளங்கப்படுத்தினவா." வெந்நீர்ப் பாத்திரத்தைக் காட்டினாள். "வெந்நீரிலை வைக்கேக்கை மென்சவ்விலை சரியாய் என்ன நடக்குது எண்டது எனக்கு முழுக்க விளங்கேல்லை. அதை அவாவிட்டைத்தான் கேக்கவேணும்."

"அது ஒருத்தருக்கும் முழுக்க விளங்கேல்லை" என்றார் மேனுகா. மண்டபம் சிரித்தது. விமலேஸ்வரியும் சிரித்தார். கட்டிய கை அவிழ்ந்து குழாயை எடுத்தது.

கல்லூரி ஒன்றிலிருந்து இரவல் வாங்கிய வெப்பப் பெட்டியில் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. அடுத்த நாள் காலை திரைகள் இழுக்கப்பட்டன. முதல் மேசையில் விளக்குப் பட்டது. பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது மேசையில் ஓர் ஆசிரியர், "பன்ரண்டு வருசம் படிப்பிச்சனான், இப்பதான் காணுறன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். விமலேஸ்வரியின் மேசையில் நூற்றுக்கு மேல் பொட்டுகள், மண்டபத்திலேயே அதுதான் கூட. எட்டு மேசையும் ஒளிர்ந்தன. மருந்து மட்டும் உள்ள எட்டுக் கிண்ணங்களும் வெறுமையாய், துப்புரவாய் இருந்தன. றஞ்சனிக்கு அந்த எட்டு வெறுங் கிண்ணங்களில்தான் கூடப் பெருமை. கணபதி ஒவ்வொரு மேசையாகப் போய் எண்ணிவிட்டு வந்தார்.

"பத்துக்குப் பத்துத்தான்" என்றார் மேனுகாவிடம். பிறகு றஞ்சனியிடம் திரும்பி, "அடுத்தது வவுனியாவிலை வைக்கிறம். வருவீங்களோ?" என்று கேட்டார்.

"வாறன் சேர். அங்கை யன்னல் பூட்டுற மண்டபமாய்ப் பாருங்கோ."

இந்த வருடம் அவள் ஐந்து பாடசாலைகளுக்குப் போய் வந்துவிட்டாள். பளையில் ஒரு நாள், வவுனியாவில் இரண்டு நாள். அவளுடைய பாடசாலையின் செய்முறை நேரசூசியில் உயிரியலுக்கு நேரே இரண்டு பெயர்கள் எழுதியிருக்கின்றன. மார்கழியில் சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்திருக்கிறாள். டக்சாயினிதான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

போன திங்கட்கிழமை பின்னேரம் குசினியில் அவள் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தபோது விமலேஸ்வரி தொலைபேசியில் எடுத்தார். றொமேஸ் தொலைபேசியை அவள் காதில் பிடித்தான்.

"றஞ்சனி, பிள்ளையள் செய்தது நல்லாய் ஒளிருது. ஆனால் பெரிய பொட்டுகளைச் சுத்திச் சின்னச் சின்னனாய்க் கொஞ்சம் வந்திருக்கு. அது ஒளிருதில்லை. எங்கை பிழை வந்தது?"

"எப்ப வைச்சனீங்கள் ரீச்சர்?"

"வெள்ளிக்கிழமை."

"மூண்டு நாள் கூடிப்போச்சுது. மாறின பற்றீரியா தன்னைச் சுத்தியிருக்கிற மருந்தை முறிச்சுப்போடும். முறிஞ்ச இடத்திலை மாறாததுகளும் வந்து குடியிருக்கும். எனக்கும் ஒருக்கா வந்தது. அடுத்த முறை ஒரு நாளோடை எடுத்திடுங்கோ. பிள்ளையளுக்கு அதையும் காட்டுங்கோ, நல்ல பாடம்."

"காட்டுறன். நீங்கள் இப்ப என்ன செய்யிறீங்கள்?"

"கணவாய்க் கறி ரீச்சர். கை முழுக்க மை. கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ, கை கழுவிப்போட்டுப் பாக்கிறன்."